உங்களுக்குத் தெரியுமா? பழைய டியூப் லைட்டைக் கழற்றும் முன்...

கூடத்து டியூப் லைட் கண் சிமிட்ட ஆரம்பித்தால் நம் வீடுகளில் முதல் வைத்தியம், ஸ்டூல் போட்டு ஏறி டியூபை இப்படியும் அப்படியும் திருகிப் பார்ப்பது. அதற்கும் மசியாவிட்டால் ஸ்டார்ட்டரை மாற்றுவது. அப்புறம்தான் எலக்ட்ரீஷியனுக்குப் போன். "நாளைக்குக் காலையில வந்துடுறேன் சார்" என்று அவர் சொன்ன அந்த நாளைக்கு வரும்வரை படிக்கச் சில துணுக்குகள்.

● யார் குற்றவாளி? டியூபைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். இரண்டு முனையும் கரி பூசினாற்போல் கறுத்து, விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் டியூபுக்கு வயதாகிவிட்டது. முனையில் இருக்கும் டங்ஸ்டன் சுருளின் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் ஆக்சைடுகளைப் பூசியிருப்பார்கள். எலெக்ட்ரான்களை எளிதாக வெளியே விடுவது அந்தப் பூச்சுதான். ஒவ்வொரு முறை போடும்போதும் அதில் கொஞ்சம் உதிர்ந்து கண்ணாடியில் படிகிறது. நாம் பார்க்கும் கறுப்பு அதுவே. பூச்சு தீர்ந்த டியூபுக்கு எத்தனை ஸ்டார்ட்டர் வாங்கிப் போட்டாலும் காசுதான் தண்டம்.

முனைகள் மட்டும் சிவந்து எரிந்துகொண்டே இருந்து, நடுவில் வெளிச்சம் வரவில்லை என்றால் ஸ்டார்ட்டர் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. டியூபும் புதுசு, ஸ்டார்ட்டரும் புதுசு, ஆனாலும் உயிர் இல்லை என்றால் சோக்கைச் சந்தேகப்படுங்கள், அதோடு ஹோல்டரையும். பல வருடச் சூட்டில் ஹோல்டர் பிளாஸ்டிக் அப்பளமாக நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும்.

சிமிட்டும் டியூபை "எரியும்போது எரியட்டும்" என்று மாதக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் சோக் சூடாகிறது, ஸ்டார்ட்டர் தேய்கிறது. ஒன்று போக வேண்டிய இடத்தில் மூன்றும் போகும்.

● டியூப் எரிந்தபின் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டாலும் விளக்கு அணையாது! அதன் வேலை முதல் சில விநாடிகளோடு முடிந்துவிடுகிறது. அந்த டப்பாவுக்குள் வாயு நிரப்பிய குட்டிக் கண்ணாடிக் குமிழும், அதற்குள் சூடானால் வளையும் ஈருலோகத் தகடும் இருக்கின்றன. தகடு வளைந்து தொடும்போது டியூபின் சுருள்கள் சூடாகின்றன. ஆறி விலகும்போது சோக்கிலிருந்து பல நூறு வோல்ட் ஒரே அடியாகப் பாய்ந்து டியூபைப் பற்றவைக்கிறது. ஒரே அடியில் பற்றாவிட்டால் மறுபடி, மறுபடி. சொன்னது விளங்க நேரம் பிடிப்பவர்களுக்கு டியூப் லைட் என்று பட்டம் கட்டியது நியாயமில்லை. தாமதத்துக்குக் காரணம் ஸ்டார்ட்டர்.

● சோக் ஏன் வேண்டும்? பற்றிக்கொண்ட டியூப் தன்னால் நிற்காது. உள்ளே மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் டியூபே போய்விடும். அதைப் பிடித்து நிறுத்துவது சோக். அந்த 'ம்ம்ம்' சத்தம் அதன் இரும்புத் தகடுகள் விநாடிக்கு 100 முறை அதிர்வதால் வருவது. வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கு. சத்தம் திடீரென்று கூடினால் சோக்கின் திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே அடைத்திருக்கும் பொருள் சூட்டில் இளகியிருக்கலாம். டியூபைத் தாங்கும் தகரப் பட்டியிலிருந்து தார் மாதிரி கறுப்பாக ஏதாவது வடிந்தால் அன்றைக்கே சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

● எரிய மறுக்கும் டியூபைக் கையால் நீளவாக்கில் தடவினால் சட்டென்று எரியும். மந்திரம் இல்லை. தரையோடு தொடர்புள்ள ஒரு பொருள் டியூபை ஒட்டி இருந்தால் உள்ளே மின்புலம் கூடி, வாயு பற்றிக்கொள்வது சுலபமாகிறது. தகரப் பட்டிக்கு எர்த் கொடுத்தாலும் இதே பலன்தான். பாதுகாப்பும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் ரீப்பர் கட்டையில் வயர் ஓடும் பழைய வீடுகளில் லைட் பாயின்ட்டுக்கு எர்த் வயர் இருப்பதே அபூர்வம். பட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறதே என்பவர்கள் அந்த எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

● சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் டியூப் லைட் எரியாது. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதிய தலைமுறைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல எல்.இ.டி. விளக்குகளுக்கு அந்தக் கவலை குறைவு. 150 வோல்ட்டிலும் ஒழுங்காக எரிபவை நிறைய உண்டு. எந்த அளவிலிருந்து எந்த அளவுவரை தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள்.

● டியூபின் மேல் எழுதியது போக... டியூபில் 40 வாட் என்று இருக்கும். மீட்டரில் ஓடுவது அதைவிட அதிகம். செம்புக் கம்பி சோக் தன் பங்குக்கு 12 முதல் 15 வாட் சாப்பிடும். ஆக, ஒரு பழைய பட்டி கிட்டத்தட்ட 55 வாட். அதே இடத்தில் இன்றைய எல்.இ.டி. பட்டி 20 வாட்.

தினம் 6 மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத பில்லில் பழையதற்கு 20 யூனிட், புதியதற்கு 7 யூனிட் சொச்சம். நான்கு பட்டிகளை மாற்றினால் 50 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் இந்த 50 யூனிட்டுக்கு ஒரு விசேஷ மதிப்பு உண்டு. 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு, தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகையும் போய்விடும். 520-இல் நிற்கிற வீடு 470-க்கு இறங்கினால் பில்லைப் பார்த்ததுமே வித்தியாசம் தெரியும்.

● அப்படியானால் வெளிச்சம் குறையாதா? குறையத்தான் வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. பழைய 40 வாட் டியூப் புதிதாக இருந்தபோது சுமார் 2,450 லூமன். 20 வாட் எல்.இ.டி. பட்டி சுமார் 2,000. ஆனால் டியூப் நாலாபக்கமும் வெளிச்சத்தைக் கொட்டும். நம் வீடுகளில் டியூப் லைட்டைக் கூரையில் அல்ல, கதவு நிலைக்கு மேலே சுவரில்தான் அடிப்போம். அதனால் பாதி வெளிச்சம் சுவருக்கும் ஒட்டடைக்கும் போய்ச் சேரும். எல்.இ.டி. தன் வெளிச்சத்தை முன்பக்கமாகவே தள்ளுகிறது. போதாக்குறைக்கு, பழைய டியூபும் வருடா வருடம் மங்கிக்கொண்டே வந்திருக்கும். மாற்றியதும் "என்னங்க, இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு" என்று குரல் வருவது இதனால்.

● கடையில் வெறுமனே "நாலடி டியூப் குடுங்க" என்று கேட்டு ஏமாறாதீர்கள். பெயரில் வரும் எண் டியூபின் பருமன், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பது. டி12 ஒன்றரை அங்குலம். டி8 ஓர் அங்குலம். டி5 அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 16 மில்லிமீட்டர். டி12-ம் டி8-ம் ஒரே ஹோல்டரில் உட்காரும். 28 வாட் டி5 நீளத்திலும் 5 சென்டிமீட்டர் போலக் குறைவு. ஊசிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் 13 மில்லிமீட்டருக்குப் பதில் 5. பழைய பட்டியில் சேரவே சேராது.

● டியூபை மட்டும் மாற்றலாமா, பட்டியோடு மாற்றலாமா? இதில்தான் அதிகக் குழப்பம். எல்.இ.டி. டியூப் என்று தனியாக விற்பதை வாங்கிவந்து பழைய பட்டியில் அப்படியே மாட்டலாமா என்றால், அது எந்த ரகம் என்பதைப் பொறுத்தது.

செம்பு சோக் உள்ள பட்டிக்கென்றே செய்த சில டியூப்களோடு ஒரு டம்மி ஸ்டார்ட்டர் தருவார்கள். பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு அதைப் போட்டால் எரியும். சோக் வெட்டியாக உள்ளேயே கிடந்து கொஞ்சம் மின்சாரம் தின்றுகொண்டிருக்கும். நேரடி மின்சாரத்தில் எரிகிற டியூபுக்கு சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி வயரை மாற்றிக் கொடுக்க வேண்டும். எலக்ட்ரானிக் சோக் உள்ள பட்டியில் இந்த இரண்டு ரகத்தில் எதைச் செருகினாலும் டியூபோ சோக்கோ போய்விடக்கூடும்.

ஆபத்து இன்னொரு இடத்தில் இருக்கிறது. சில எல்.இ.டி. டியூப்களுக்கு பேஸ் ஒரு முனையில், நியூட்ரல் மறுமுனையில். வேறு சிலவற்றுக்கு இரண்டும் ஒரே முனையில். முதல் ரகத்தில், மின்சாரம் இருக்கும்போது ஒரு முனையைச் செருகிவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்திருந்தால் அந்த ஊசி வழியாக ஷாக் அடிக்கக்கூடும். இரண்டாவது ரகத்துக்காக வயர் மாற்றிய பட்டியில், விவரம் தெரியாத யாராவது பின்னாளில் பழைய டியூபை மாட்டினால் அதன் சுருளில் 230 வோல்ட் நேராக ஏறி 'டப்' என்று போய்விடும். வயர் மாற்றிய பட்டியின் உள்பக்கம் மார்க்கரால் 'சோக் இல்லை, எல்.இ.டி. மட்டும்' என்று எழுதிவைப்பது நல்லது.

என் தீர்ப்பு: பட்டியோடு மாற்றிவிடுங்கள். பழைய தகரத்தையும் உளுத்த ஹோல்டரையும் காப்பாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. எல்.இ.டி. பட்டியில் விளக்கும் சட்டமும் ஒன்றே. சுவரில் இரண்டு கிளிப், இணைக்க இரண்டு வயர், விலை சில நூறு ரூபாய்.

● அந்த இரண்டு வயரைத் தொடும் முன்: சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினையோ அந்த அறையின் எம்.சி.பி.யையோ இறக்குங்கள். காரணம், பல வீடுகளில் சுவிட்ச் தப்பாக நியூட்ரலில் இருக்கும். விளக்கு அணைந்திருக்கும், சீலிங் ரோஸில் பேஸ் உயிரோடு உட்கார்ந்திருக்கும். டெஸ்டரை முதலில் மின்சாரம் வரும் பிளக் பாயின்ட்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு மெயினை இறக்கிவிட்டு சீலிங் ரோஸில் வையுங்கள். செத்த டெஸ்டரை நம்பி ஏறக்கூடாது.

பழைய அலுமினிய வயர் என்றால் வளைத்த இடத்தில் ஒடிந்து கையோடு வரும். அப்போது விளக்கு வேலை வயரிங் வேலையாக மாறுகிறது என்று அர்த்தம். அதற்கு ஆளைக் கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

● பட்டியை இறக்கியதும் சுவரில் ஒரு நீளச் சதுரம் தெரியும். முந்தைய முறை அடித்த பச்சையோ ரோஸோ அங்கே அப்படியே இருக்கும்; பெயின்டர்கள் பட்டியைக் கழற்றாமல் சுற்றி அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். கூடவே பல்லி முட்டை ஓடு இரண்டு, காய்ந்த ஈசல் இறகு. புதுப் பட்டி ஒல்லி என்பதால் அந்தப் பழைய நிறத்தை முழுக்க மறைக்காது. மிச்ச பெயின்ட் டப்பா பரணில் இருந்தால் அன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய திருகுத் துளைகளும் புதுக் கிளிப்புக்குச் சேராது. பழைய வீட்டில் சுவருக்குள் அடித்த மரக்கட்டை உளுத்திருந்தால் அதை நம்பாமல் புதுத் துளை போட்டு பிளாஸ்டிக் பிளக் அடிப்பதே உத்தமம்.

● மாற்றிய பிறகு பல்லிக்குத்தான் கஷ்டம். டியூப் லைட்டிலிருந்து கொஞ்சம் புற ஊதாக் கதிர் வெளியே கசியும். பூச்சிகளுக்கு அது விருந்து அழைப்பு. வெள்ளை எல்.இ.டி.யில் புற ஊதா அநேகமாக இல்லை. பூச்சி அடியோடு நிற்காது, குறையும்.

● விளக்கை அணைத்தபின்னும் எல்.இ.டி. பட்டி இருட்டில் மங்கலாக மின்னுகிறதா? பேயும் இல்லை, விளக்கில் பழுதும் இல்லை. சுவிட்ச் நியூட்ரலில் இருக்கலாம், அல்லது சுவிட்சுக்குள் சின்னச் சிவப்பு விளக்கு இருக்கலாம். இரண்டிலும் கசியும் துளி மின்சாரமே எல்.இ.டி.க்குப் போதும். முதல் காரணம் என்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி பேஸை சுவிட்சுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

● ஜவுளிக்கடையில் பட்டுப்புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்கும் பாட்டிகள் விஞ்ஞானிகள். பழைய ரக டியூப் வெளிச்சத்தில் சிவப்பு சரியாகவே தெரியாது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு. சூரிய வெளிச்சத்துக்கு 100. எல்.இ.டி. வாங்கும்போது 80-க்குக் குறையாமல் பாருங்கள்.

● வெளிச்சத்தின் நிறத்துக்கும் பெட்டியில் ஓர் எண் இருக்கும். 6500 கெல்வின் என்றால் நீலம் ஓடிய வெள்ளை, 4000 நடுத்தரம், 3000 மஞ்சள் கலந்தது. எதையும் கேட்காவிட்டால் கடைக்காரர் 6500-ஐத்தான் எடுத்துக் கொடுப்பார். படுக்கையறைக்கு அது தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள்.

● பெட்டியில் இன்னொன்றும் பார்க்கலாம்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து எட்டு இலக்கமும். இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து மாட்டியபின் செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் மட்டம், வெளிச்சம் துடித்துக்கொண்டிருக்கிறது.

● 25,000 மணி நேரம் உழைக்கும் என்று போட்டிருப்பதற்கு, அத்தனை மணி நேரம் புதிது போல் எரியும் என்று பொருளல்ல. வெளிச்சம் முதல்நாள் இருந்ததில் 70 சதவீதத்துக்கு இறங்கும்வரை என்பதே வழக்கமான கணக்கு. பெரும்பாலும் அதற்கு முன்பே டிரைவர் சூட்டில் போய்விடும். பரணுக்கு அடியில் காற்றுப் புகாத மூலையில் மாட்டாதீர்கள்.

● டியூப் லைட்டை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1938-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது; அடுத்த ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜனங்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். ஆரம்பகால டியூப்களின் உள்பூச்சில் பெரிலியம் கலந்திருந்தது. தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் நுரையீரல் கெட்டது தெரிந்து 1949-இல் அதைக் கைவிட்டார்கள்.

● ஜப்பானில் அனான் என்ற ஊரில் 1956-இல் தொடங்கிய நிச்சியா கம்பெனி, டியூப் லைட்டின் உள்ளே பூசும் ஒளிரும் பொடியை விற்றுப் பிழைத்துவந்தது. அங்கே வேலை பார்த்த ஷுஜி நாகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். நீலத்தின் மேல் மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசினால் வெள்ளை வெளிச்சம். இன்று உங்கள் கூடத்தில் எரிவது அதுதான். 2014-இல் அகாசாகி, அமானோ ஆகியோரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டியூப் லைட்டுக்குக் குழி பறித்தது அதற்குப் பொடி விற்ற கம்பெனியே.

● 2004-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே, உயர் அழுத்த மின்கம்பிகள் செல்லும் வயலில் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர் 1,301 டியூப்களைத் தரையில் நட்டுவைத்தார். ஒன்றுக்கும் வயர் கிடையாது. இருட்டியதும் மேலே போகும் கம்பிகளின் மின்புலத்தாலேயே அத்தனையும் எரிந்தன.

● நம் ஊர்க் கோயில்களில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவரின் பெயர், அவர் அப்பா பெயர், கடை பெயர் எல்லாம் 'உபயம்' என்று தொடங்கி டியூப் மேலேயே எழுதியிருக்கும். மிஞ்சிய இடத்தில் வெளிச்சம் வரும். எல்.இ.டி. காலத்திலும் இந்த வழக்கம் ஸ்டிக்கராகத் தொடர்கிறது என்பதில் எனக்கொரு சந்தோஷம்.

● உள்ளே பாதரசம். ஒவ்வொரு டியூபிலும் சில மில்லிகிராம், மிகப் பழையதில் இன்னும் கூடுதல். அந்த ஆவிதான் புற ஊதாக் கதிரைத் தருகிறது. வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றுகிறது. டியூப் கீழே விழுந்து உடைந்தால் குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் பொடி வீடெல்லாம் பரவும். கெட்டி அட்டையால் சில்லுகளை ஒதுக்கி எடுத்து, மிச்சத் துகளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

இந்தப் பாதரசத்துக்காகவே டியூப் லைட்டுக்கு உலகம் நாள் குறித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்ட்டிலேயே டி8, டி5 டியூப்களைச் சந்தைக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டது. பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. அதன் உறுப்பு நாடுகள் 2023-இல் ஜெனிவாவில் கூடி, பொது வெளிச்சத்துக்கான டியூப்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027-க்குள் முடித்துக்கொள்வதென்று முடிவெடுத்தன. பழைய பட்டியை ஒட்டுப்போட்டு ஓட்டுபவர்களுக்கு இனி டியூப் கிடைப்பதே கஷ்டமாகும்.

● கழற்றிய சோக்கைத் தூக்கிப் போடாதீர்கள். செம்புக் கம்பி சுற்றியது என்றால் காயலான் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அலுமினியக் கம்பி என்றால் விலை குறையும். டியூபைக் காயலான் கடையில் வாங்க மாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் அதைக் குப்பைத் தொட்டியில் செருகிவிட்டு வருவது நியாயமில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே டியூப் லைட்டை வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லிவிட்டன. மக்கும் குப்பையோடும் மக்காத குப்பையோடும் சேர்க்காமல் தனியாகத் தர வேண்டும். டியூபை உடைக்காமல் பழைய அட்டை உறையிலோ செய்தித்தாளிலோ சுற்றி, தூய்மைப் பணியாளர் வரும்போது "அண்ணே, இதுல டியூப் லைட் இருக்கு, பாத்து வைங்க" என்று சொல்லிக் கையில் கொடுங்கள். தொட்டியில் போட்டால் அது உடையப்போவது அவர் கையில்தான்.